அப்பாயியின் மகா டாக்டர்

ஆணி ஏறியது வலது காலிலா இடது காலிலா என்பதில் எனக்கும் தங்கைக்கும் இன்றுவரை வழக்கு ஓயவில்லை. தழும்பு என் வலது உள்ளங்காலில் இருக்கிறது. தூக்கிக் காட்டினாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். நான் நொண்டிக்கொண்டு வந்ததை முதலில் பார்த்தவள் அவள், அதனால் அவள் சொல்வதுதான் சாட்சியாம். மற்றதெல்லாம் இருவருக்கும் ஒன்றுபோலவே நினைவிருக்கிறது. 1963ஆம் வருஷம். பி.டபிள்யூ.டி. யார்டில் பிரித்துப் போட்டிருந்த பழைய பாலத்துப் பலகைகள். அதன்மேல் நாங்கள் ஆடிய கள்ளன் போலீஸ்.

அப்பா பி.டபிள்யூ.டி.யில் ரோட்டு எஞ்சின் ஓட்டினார். கெடா மாநிலத்துத் தலைப்பட்டணமான அலோர்ஸ்டாருக்குத் தெற்கே, வயல்களுக்கு நடுவில் எங்கள் லயம். சுற்றிலும் நெல். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல். வடக்கே தூரத்தில் கெரியாங் மலை மட்டும் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன வைக்கோல்போர் மாதிரி தனியாக நிற்கும். சொந்தக்காரர்கள் எல்லாரும் சுங்கைப் பட்டாணிப் பக்கம் தோட்டங்களில் பால்வெட்டினார்கள். அவர்கள் எங்களைப் பட்டணத்துக்காரர்கள் என்றும், பட்டணத்துக்காரர்கள் எங்களைத் தோட்டத்துக்காரர்கள் என்றும் சொல்லுவார்கள். தமிழ்ப் பள்ளியில் வாத்தியார் இந்தக் கெடாதான் ராஜேந்திர சோழன் வென்ற கடாரம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். வென்றவன் ஆட்கள் ஏன் லயத்தில் இருக்கிறோம் என்று கேட்க எங்களில் ஒருவனுக்கும் அப்போது தோன்றவில்லை.

ஆணி ஏறிய விஷயத்தை நான் வீட்டில் சொல்லவில்லை. தங்கை சொன்னாள். அப்பாயி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துச் சூடாகப் பற்றுப் போட்டாள். மூன்றாம் நாள் கால் கொழுக்கட்டை மாதிரி ஆகி, காய்ச்சலும் வந்தது. தனுர்வாதம் வந்து உடம்பு வில்லாக வளைந்து செத்துப்போன ஒரு பையனின் கதையை அடுத்த வீட்டுக்காரம்மா வந்து விலாவாரியாகச் சொல்லிவிட்டுப் போனாள். அப்பா கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகலாம் என்றார். அப்பாயி கேட்கவில்லை. காசு வாங்காத கையால் கொடுத்த மருந்து பிடிக்காது என்பது அவளுடைய வைத்திய சாஸ்திரம்.

"மகா டாக்டருகிட்டப் போவோம்டா. பேருலயே மகா இருக்கு."

ஜாலான் துங்கு இப்ராஹிமில் இருந்த அந்த மருந்தகத்தின் பெயர் மஹா கிளினிக். டாக்டர் மகாதீர் முகமது 1957இல் அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டுத் திறந்தது. நாடு சுதந்திரம் பெற்றதும் அதே வருஷம்தான். மகாதீர், ஹஸ்மா என்று புருஷன் பெண்சாதி இருவர் பெயரிலிருந்தும் பிய்த்தெடுத்து ஒட்டிய பெயர் அது என்று பின்னாளில் சொன்னார்கள். அப்பாயிக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. தன் ஊரான முசிறிப் பக்கத்து மகாமாரியம்மனுக்கு முன்னால் எந்த மகா நின்றதோ அதே மகாதான் இங்கேயும் நிற்கிறது என்று கடைசிவரை நம்பினாள்.

அப்பா சைக்கிளைத் தள்ள, நான் கேரியரில் உட்கார்ந்திருக்க, அப்பாயி குடையோடு பக்கத்தில் நடந்தாள். புதன்கிழமைச் சந்தை என்று பெயர் வைத்துக்கொண்டு எல்லா நாளும் நடக்கிற பெக்கான் ராபுவைத் தாண்டும்போது வாழைப்பழம் பொரிக்கிற வாசனை வந்தது. காய்ச்சல் வாயிலும் எச்சில் ஊறியது. அப்பாயி அந்தப் பக்கம் கையைக் காட்டி, டாக்டர் ஜப்பான்காரன் காலத்தில் இங்கேதான் பிசாங் கோரேங் விற்றார் என்றாள். எனக்கு அதிசயமாக இருந்தது. டாக்டர்கள் டாக்டர்களாகவே பிறப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. உண்மைதான் அது. டாக்டரின் அப்பா இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியராக இருந்தவர். போர் வந்து பள்ளிக்கூடத்தை மூடியதும் பிள்ளை சந்தையில் காப்பியும் பலகாரமும் விற்றார். போர் முடிந்து, 1947இல் சிங்கப்பூருக்குப் போய் ஏழாம் எட்வர்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே கூடப் படித்தவர்தான் சித்தி ஹஸ்மா. மருத்துவம் படிக்கப் போன மலாய்ப் பெண்களை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய காலம் அது.

அப்பாயியிடம் இன்னொரு தகவலும் இருந்தது. டாக்டரின் தாத்தா மலையாள தேசத்திலிருந்து கப்பலேறி வந்தவர் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தாள். "கரூரத் தாண்டி, பாலக்காட்டக் கடந்தா அவுங்க ஊரு. நம்ம பக்கம்தான்" என்பாள். அப்பா சிரிப்பார். டாக்டர் தன்னை மலாய்க்காரராகவே எண்ணினார், மலாய்க்காரராகவே வாழ்ந்தார். தாத்தாவின் ஊரை வைத்து உறவு கொண்டாடியதெல்லாம் எங்கள் லயத்து வாசற்படியோடு சரி.

மருந்தகத்தில் ஒரு நீளமான பெஞ்சு இருந்தது. அந்த பெஞ்சுதான் எனக்குத் துலக்கமாக நினைவிருக்கிறது. ஒரு ஓரத்தில் சொங்கோக்கு போட்ட மலாய்க்காரக் கிழவர், முழங்கால்வரை வயற்சேறு காய்ந்துபோய் இருந்தது. அடுத்து ஒரு சீனத் தவுக்கே, கையில் விசிறி. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு சயாம்காரப் பெண். அப்புறம் நாங்கள். யார் முதலில் வந்தாரோ அவர் முதலில் போகலாம். தவுக்கே இருமும்போது எல்லாரும் சேர்ந்து குலுங்கினோம். அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு விதமான மனிதர்களோடு ஒரே பலகையில் அதற்குமுன் நான் உட்கார்ந்ததில்லை. அதற்குப் பிறகும் அதிகமில்லை.

டாக்டரைப் பற்றிச் சொல்லச் சொன்னால் எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. முழங்கைவரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. அவசரமில்லாத கைகள். மற்றபடி கூரையில் சுற்றிய காத்தாடியும், கொதிக்கிற தண்ணீரிலிருந்து இடுக்கியால் எடுத்த ஊசியும்தான் நினைவிருக்கின்றன. அப்பாயி தன்னுடைய பாசார் மலாயை எடுத்துவிட்டாள். முப்பது வருஷம் சந்தையில் மீன் பேரம் பேசித் தேற்றிய மொழி.

"துவான் டொக்டர், சூச்சு பூஞ்ஞா காக்கி சக்கிட்!"

பேரன் கால் நோகிறது என்று அர்த்தம். அவர் சிரிக்கவில்லை. நகர மலாய்க்காரர்கள் அப்பாயியின் மலாயைக் கேட்டுச் சிரிப்பதைப் பார்த்திருந்த எனக்கு அது பட்டது. குனிந்து பாதத்தைத் திருப்பி, அழுத்தி, என் முகத்தையே பார்த்தார். எங்கே முகம் சுளித்ததோ அங்கே கீறினார். நான் போட்ட கத்தல் பெக்கான் ராபுவரை கேட்டது என்பது அப்பாவின் கணக்கு. இரும்புத் தட்டில் ஏதோ ஒன்று ‘டிங்’ என்று விழுந்தது. ஆணியின் முனையோ மரச்சிராய்த் துண்டோ, தெரியாது. ஆனால் அந்தச் சத்தம் மட்டும் இன்னும் காதில் இருக்கிறது. பிறகு இடுப்பில் ஒரு ஊசி. தோல் மரத்துப்போகிற ஸ்பிரிட் குளிர்ச்சி.

மருந்துப் புட்டியில், அளவுக்குத் தகுந்தபடி பல்பல்லாக வெட்டிய காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. ஒரு பல் ஒரு வேளை. அப்பாயி வாங்கிப் பார்த்துவிட்டு எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். எந்த வைத்தியரிடம் போனாலும், கோயில் பூசாரியிடம் விபூதி வாங்கினாலும் அதைக் கேட்காமல் வரமாட்டாள்.

"மாக்கான் டூலு, மாக்கான் பிலாக்காங்?"

சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா? டாக்டர் கையைப் பின்னுக்கு ஆட்டிக் காட்டினார். முந்தானை முடிச்சை அவிழ்த்து அவள் எத்தனை வெள்ளி கொடுத்தாள் என்று பார்க்கவில்லை. திரும்பும்போது எனக்கு ஐந்து காசுக்குப் பிசாங் கோரேங் வாங்கித் தந்தாள். முடிச்சில் மிச்சம் இருந்திருக்க வேண்டும். மருந்தகத்தில் கொடுத்த பெயரும் நம்பரும் எழுதிய அட்டையை, தன் அடையாளக் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே பத்திரமாகச் செருகிக்கொண்டாள்.

அந்த அடையாளக் கார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடியுரிமை பெற்றவர்களுக்கு நீலம். இல்லாதவர்களுக்குச் சிவப்பு. அப்பா இங்கேயே பிறந்தவர், நீலம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த அப்பாயிக்குச் சிவப்பு. விண்ணப்பம் போட்டு, மொழிப் பரீட்சையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மலாயில் பதில் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா எத்தனையோ முறை சொன்னார். "நான் பேசுற மலாய்க்குச் சிவப்பு கொடுத்ததே பெருசு" என்று முடித்துவிடுவாள்.

அடுத்த வருஷம் ஏப்ரலில் பொதுத்தேர்தல். டாக்டர் கோத்தா ஸ்டார் செலாத்தான் தொகுதியில் நின்றார். ஊருக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அம்னோ கட்சியில் அவர் தொடக்கத்திலிருந்தே இருந்ததால் ‘டாக்டர் அம்னோ’ என்றே பட்டப்பெயர். நாள் முழுக்க மருந்தகம், ராத்திரியில் கூட்டம். வரப்பில் நடந்து போய்க் கிராமத்து வீடுகளில் வைத்தியம் பார்த்தாராம், கையில் காசில்லாதவர்களிடம் அறுப்புக்குப் பின் கொடுத்தால் போதும் என்றாராம். பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் இப்படி நிறையச் சொல்வார்கள். தேர்தல் வந்ததும் அந்தக் கதைகளெல்லாம் ஓட்டாக மாறின என்பதுதான் எனக்குப் பின்னால் புரிந்தது. நாடித்துடிப்பு பார்க்க உள்ளே போன வீட்டுக்குள் ஓட்டுக் கேட்கப் போகிறவனுக்குக் கதவைத் தட்டும் வேலை இல்லை.

எங்களுக்கோ காரில்தான் கவனம். அவரிடம் ஒரு பொன்டியாக் கத்தலினா இருந்தது. அலோர்ஸ்டார் தெருவில் அது வருவது குளத்தில் திமிங்கலம் வருவது மாதிரி. ஓட்டுநர் சீனர். பெரிய மனிதர்களின் கார்களை மலாய்க்காரர்கள் ஓட்டுவதே அன்றைக்கு வழக்கம். ஒரு மலாய்க்கார முதலாளியைச் சீனர் ஒருவர் காரில் வைத்து ஓட்டுவது எவ்வளவு பெரிய செய்தி என்பதை அப்பா எஞ்சின்மேல் இருந்தபடியே எங்களுக்கு விளக்கினார். டாக்டர் பேசாமலே பேசிய பிரசங்கம் அது என்று இப்போது நினைக்கிறேன்.

ஒருநாள் சாயங்காலம் பள்ளித் திடலில் கூட்டம் என்று ஒலிபெருக்கி வண்டி சொல்லிக்கொண்டு போனது. அம்னோ இருந்த கூட்டணியின் சின்னம் பாய்க்கப்பல். எதிரே பாஸ் கட்சியின் பிறையும் நட்சத்திரமும். கூட்டணியில் சம்பந்தன் அவர்களின் மலேசிய இந்தியக் காங்கிரசும் இருந்ததால் எங்கள் லயம் முழுக்கக் கப்பல்தான். வந்ததே கப்பலில், வேறு எதற்குப் போடுவது என்று அப்பாவின் கூட்டாளி ஒருவர் வேடிக்கை பேசுவார். நானும் பையன்களும் திடலின் வேலியில் ஏறி உட்கார்ந்தோம். மேடையில் டாக்டர். அதே மடித்துவிட்ட சட்டைக் கை. ஆனால் ஆள் தூரத்தில் இருந்தார், குரல் மட்டும் பக்கத்துப் புளியமரத்தில் கட்டிய குழாயிலிருந்து வந்தது. எனக்கு அது பிடிபடவில்லை. அன்றைக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த கண்கள் இன்றைக்கு யார் முகத்தையும் பார்க்காமல் தலைகளுக்கு மேலே பார்த்தன.

வேகமான மலாய். எனக்குப் பாதி பிடிபடவில்லை. ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. கீத்தா. வீட்டுக்கு வந்ததும் அப்பாயி என்னடா பேசினாரு என்று கேட்டாள்.

"கித்தாவப் பத்திப் பேசினாரு அப்பாயி. பூரா கித்தாதான்."

தோட்டத்தில் ரப்பருக்குக் கித்தா என்றுதான் பேர். கித்தா மரம், கித்தாப் பால், கித்தாக்காடு. டாக்டர் நம் ஆட்கள் வெட்டுகிற கித்தாவைப் பற்றித்தான் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார் என்று அப்பாயி பூரித்துப்போனாள். "மரத்து வெல பேசுறாரு. மனுசன்னா அப்புடி இருக்கணும்." அப்பா சிரித்துச் சிரித்து இருமல் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் விளக்கினார். மலாயில் கீத்தா என்றால் நாம். காமி என்றால் நாங்கள். தமிழ் மாதிரியே அந்த மொழியிலும் கேட்கிறவனையும் சேர்த்துக்கொள்கிற சொல் ஒன்று, சேர்க்காத சொல் ஒன்று.

"அப்ப நம்மளையும் சேர்த்துத்தான் சொன்னாரா?" என்று கேட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசாமலிருந்தார். பிறகு, வேலிமேல் உட்கார்ந்திருந்தவனைச் சேர்த்தாரா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும் என்றார்.

ஓட்டுப் போடும் நாளன்று அப்பாயியும் சீலை மாற்றிக்கொண்டு புறப்பட்டாள். சிவப்புக் கார்டுக்கு ஓட்டுக் கிடையாது என்று அப்பா வாசலிலேயே நிறுத்தினார். உறையிலிருந்து மருந்தக அட்டையை உருவிக் காட்டி, "இது இருக்குல்ல? இதுல அவரு பேரே இருக்கு" என்றாள். டாக்டர் அப்பாயியின் ஓட்டு இல்லாமலேயே ஜெயித்தார்.

அவர் நாடாளுமன்றத்துக்குப் போன ஐந்து வருஷத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிய சீக்கு வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் கடைசித் தம்பி பிறக்கும்போது சிரமப்பட்டது. அந்தக் காலத்தில் கெடாவில் தாய்சேய் நலப் பகுதியைப் பார்த்துக்கொண்டவர் டாக்டர் சித்தி ஹஸ்மா. அவர் அரசாங்க வேலையை விடவில்லை. இந்த ஊர் வீட்டுக்கு வீடு தெரிந்துவைத்திருந்தது உண்மையில் அந்த அம்மாவைத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மேடை ஏறாதவர்களைப் பற்றி யாரும் கதை கட்டுவதில்லை.

1969 மே 10. இந்தத் தடவை டாக்டர் தோற்றார். பாஸ் கட்சியின் யூசோப் ராவாவிடம் 989 ஓட்டில். ஆயிரத்துக்குப் பதினொன்று குறைவு. காப்பிக்கடையில் வெகுநாள் அந்தப் பதினொன்றைப் பற்றியே பேசினார்கள், ஏதோ அது கிடைத்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்பதுபோல. மூன்றாம் நாள் கோலாலம்பூரில் இனக்கலவரம். ரேடியோவைச் சுற்றி லயமே உட்கார்ந்திருந்தது. அடுத்த மாதம், நாட்டின் பிரதமரும் இதே அலோர்ஸ்டாரில் பிறந்தவருமான துங்கு அப்துல் ரஹ்மானுக்கு டாக்டர் எழுதிய கடிதத்தின் பிரதிகள் கைமாறின. பதவி விலகச் சொல்லி எழுதிய கடிதம். அந்த வருஷமே அம்னோவிலிருந்து அவரை நீக்கினார்கள். ஒரே ஊர்க்காரர்கள் இருவர், ஒருவர் அரண்மனைப் பிள்ளை, ஒருவர் வாத்தியார் பிள்ளை. ஊர் யார் பக்கம் பேசுவதென்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசியது.

எங்கள் வீட்டில் வேறு கவலை. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் வாங்க வேண்டும் என்று 1968இல் வந்த சட்டம் அப்போது தோட்டங்களில் இறுகத் தொடங்கியிருந்தது. சித்தப்பாவும் சிவப்புக் கார்டு. அப்பாயி ஊருக்குப் போயிருந்தபோது முசிறியில் பிறந்தவர். அண்ணன் நீலம், தம்பி சிவப்பு. 1970இல் பினாங்கில் ‘ரஜூலா’ கப்பலேறினார். இரும்புப் பெட்டி ஒன்று, தையல் மிஷின் ஒன்று. அப்பாயி கரையில் நின்று அழவில்லை. வீட்டுக்கு வந்து நான்கு நாள் படுத்துக்கொண்டாள். எழுந்தபோது காலெல்லாம் வீக்கம், தலைச்சுற்றல்.

"மகா டாக்டர் இருக்காரா?"

இருந்தார். கட்சி இல்லை, பதவி இல்லை. திரும்பவும் மருந்தகத்துக்கே வந்துவிட்டிருந்தார். அப்பா எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டு உள்ளே வரமாட்டேன் என்று வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். காரணம் சொல்லவில்லை. எனக்குப் பதினாறு வயது. பேப்பர் படிப்பவன். கடிதத்தைப் பற்றியும் கலவரத்தைப் பற்றியும் என்னவோ எனக்கே எல்லாம் தெரிந்ததுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். பெஞ்சு அதேதான். இந்தத் தடவை பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்ததாக எனக்குத் தோன்றியது. அல்லது நான்தான் தள்ளி உட்கார்ந்தேனோ என்னவோ.

உள்ளே அவர் அப்பாயியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். ரப்பர்க் குமிழை அழுத்துகிற சத்தத்தைத் தவிர அறையில் வேறு சத்தமில்லை. அப்பாயி தன் மலாயில் மகனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கப்பல், பெட்டி, தையல் மிஷின் எல்லாவற்றையும் சொன்னாள். நான் கூச்சத்தில் நெளிந்தேன். அவர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் ஏதும் சொன்னதாக நினைவில்லை. எழுதிக் கொடுத்தார். வெளியில் காத்திருந்த அப்பாவிடம் அப்பாயி சொன்னது ஒரே வாக்கியம்: "முழுசாக் கேட்டாருடா."

அதே வருஷம்தான் சிங்கப்பூரில் அவருடைய ‘தி மலே டிலெம்மா’ புத்தகம் வெளிவந்தது. மலேசியாவில் தடை. பல வருஷம் கழித்து நான் அதைப் படித்தேன். நோயாளியைப் படுக்கவைத்து, பரம்பரை என்ன, வளர்ந்த இடம் என்ன, சாப்பாடு என்ன என்று விசாரித்து எழுதுகிற நோய்க்குறிப்பு மாதிரியே இருந்தது. நோயாளி அவருடைய சமூகம். மருந்தும் அதற்குத்தான். எங்களைத் தேடிப் பக்கங்களைப் புரட்டினேன். கீத்தாவுக்கும் காமிக்கும் நடுவில் அப்பா அன்றைக்கு ஏன் தயங்கினார் என்பது அந்தப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த ராத்திரியில்தான் விளங்கியது. கோபம் வந்தது. ஆனால் கோபத்தின் நடுவே, எழுதிய கையை நினைத்தால் அது என் உள்ளங்காலைப் பிடித்துத் திருப்புகிறது. இரண்டையும் எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

1972இல் டாக்டர் கட்சிக்குள் திரும்பினார். 1974இல் குபாங் பாசு தொகுதி, கல்வி மந்திரி. 1976இல் துணைப் பிரதமர். 1981 ஜூலை 16ஆம் தேதி பிரதமர். அப்பாவுக்கு வேலையில் அது கடைசி வருஷம். முழங்கால் தேய்ந்து எஞ்சினிலிருந்து இறங்கி, ஸ்டோரில் மண்வெட்டியும் தார்ப்பீப்பாயும் எண்ணிக் கொடுக்கிற வேலை. புதிய பிரதமர் வந்த வேகத்தில் அரசாங்க ஊழியர்கள் எல்லாரும் நேரத்தைப் பதிய கார்டு அடிக்க வேண்டும், நெஞ்சில் பெயர் அட்டை மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. முப்பது வருஷம் யாரும் பெயர் கேட்காத இடத்தில் அப்பா பெயரைக் குத்திக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தார்.

அப்பாயிக்கு அப்போது கண் மங்கல். மகனைக் கிட்டக் கூப்பிட்டு நெஞ்சைத் தடவினாள். விரலில் அட்டை தட்டியது.

"என்னடா இது?"

"ஒன் டாக்டரு மாட்டச் சொல்லியிருக்காரு ஆத்தா."

"மகா டாக்டரா? எளுதிக் குடுத்தாரா?"

"ஆமா. நாடு பூராவுக்கும்."

அப்பாயி அட்டையை இன்னொரு தரம் தடவிப் பார்த்தாள்.

"சாப்பாட்டுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டாள்.